மச்சான் சொல்லும் 60 மடங்கு எண்ணூரில் செல்லுமா?

தம்பி, படிக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருப்பது காலடிப்பேட்டை. லீவு நாளில் கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடித்து எண்ணூரிலோ பொன்னேரியிலோ இறங்கி, முதுகில் ஒரு பையோடு நடந்தே பறவை பார்க்கிறீர்கள். கண்ணாடி போட்டவர். கையில் 40,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். கொலராடோவில் இருக்கும் உங்கள் மச்சான் டிசம்பரில் ஊருக்கு வருகிறார். அவர் அங்கே கூடாரம், சாப்பாடு எல்லாவற்றையும் முதுகில் சுமந்து மலையேறி மான் வேட்டைக்குப் போகிறவர். "10×42 பைனாகுலர் ஒன்று, 60 மடங்கு வரை போகும் ஸ்பாட்டிங் ஸ்கோப் ஒன்று. இந்த இரண்டும் இல்லாமல் போனால் சும்மா நடந்துவிட்டு வரலாம், அவ்வளவுதான்" என்கிறார். ஸ்பாட்டிங் ஸ்கோப் என்பது ட்ரைபாடில், அதாவது முக்காலியில், நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி. அவரிடம் பணத்தைக் கொடுத்து வாங்கி வரச் சொல்லலாமா என்பது உங்கள் கேள்வி.

பைனாகுலரை வாங்கி வரச் சொல்லுங்கள், ஆனால் 8×42. ஸ்கோப்பை இந்த வருடம் மறந்துவிடுங்கள். மிச்சப் பணத்தில் ஒரு நல்ல ட்ரைபாட். மச்சான் தப்பாகச் சொல்லவில்லை. அவருடைய மலைக்கு அவர் சொல்வது சரி. அந்தக் காற்று வேறு, நம்ம எண்ணூர்க் காற்று வேறு.

நான் துறைமுகத்தில் இழுவைப் படகில் இருபத்தாறு வருடம் இருந்தவன். பறவை பார்க்க ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான். ஆனால் லென்ஸ் வழியாகத் தூரத்தைப் பார்ப்பது அந்தப் படகில் பிடித்த பழக்கம். எங்களிடம் இருந்தது 7×50. ஒரு கிலோவுக்கு மேல் கனம், கழுத்தில் மாட்டினால் சாயங்காலம் பிடரி வலிக்கும். ஒருநாள் புதிதாக வந்த பையன் ஒருவன், "ஏன் அண்ணே 7 மடங்கு? கடையில் 20 மடங்கெல்லாம் இருக்கிறதே" என்று கேட்டான். எங்கள் செராங்கு அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அவனையே ஒரு 12 மடங்கு பைனாகுலர் வாங்கிவரச் சொன்னார். வாங்கி வந்தான். படகு ஆடுகிற ஆட்டத்தில் அதன் வழியாக ஒரு மிதவையின் நம்பரைக்கூடப் படிக்க முடியவில்லை. எழுத்து பெரிதாகத்தான் தெரிந்தது, ஆனால் நிற்காமல் குதித்துக்கொண்டே இருந்தது. எங்கள் கனத்த 7×50-இல் எழுத்து சின்னது, படிக்க முடிந்தது.

நம்பர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 8×42 என்றால் 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்க லென்ஸ் 42 மி.மீ. அகலம். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 வரும். பின்பக்கத்திலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி வட்டத்தின் அகலம் அத்தனை மி.மீ. 10×42-இல் இது 4.2, எங்கள் 7×50-இல் 7-க்குக் கொஞ்சம் மேல். நம் கண்மணி நல்ல வெயிலில் 2 அல்லது 3 மி.மீ.க்குச் சுருங்கிவிடும். இருட்டில் இளவயதுக்காரர்களுக்கு 7 வரை விரியும், வயதாக ஆக அது குறையும். ஒளி வட்டம் கண்மணியைவிடப் பெரிதாக இருந்தால் கை ஆடினாலும் படம் சட்டென்று கறுத்துப் போகாது. படகிலும் பஸ்ஸிலும் நடையிலும் இதுதான் உயிர்.

சரி, மச்சானின் மலைக்கு வருவோம். அவர் தேடுவது பெரும்பாலும் மியூல் டீர் என்கிற மானாக இருக்கும். காது கோவேறு கழுதையின் காது மாதிரி பெரிதாக இருப்பதால் அந்தப் பெயர். அந்த மானைத் தேடி நடப்பவர்கள் குறைவு, உட்காருபவர்கள்தான் அதிகம். விடியுமுன் ஒரு மேட்டில் ஏறி, பையைச் சாய்மானமாக வைத்து, பைனாகுலரை ட்ரைபாடில் பூட்டி, எதிர்ச் சரிவை மேலிருந்து கீழாகக் கோடு போட்டதுபோல ஒரு புதர்கூட விடாமல் மணிக்கணக்கில் அலசுவார்கள். முழு மானைத் தேட மாட்டார்கள். அசையும் காது, கிடைக்கோடாகத் தெரியும் ஒரு முதுகு, இலைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பின்புறம், இப்படித் துண்டு துண்டாகத்தான் தேடுவார்கள். மான் கண்ணில் பட்ட பிறகுதான் ஸ்பாட்டிங் ஸ்கோப்புக்கு வேலை. இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்பது கிடாவா, கொம்பில் எத்தனை கிளை, ஒரு பள்ளத்தாக்கு இறங்கி ஏறிப் போவது தகுமா என்று முடிவு செய்ய வேண்டும். வாஷிங்டன் மாதிரி மாநிலங்களில் ஒரு பக்கக் கொம்பில் குறைந்தது மூன்று கிளை இருந்தால்தான் அந்த மானைச் சுடலாம் என்று சட்டமே இருக்கிறது. அங்கே கிளையை எண்ணுவது ஆசைக்காக இல்லை, அபராதத்துக்குப் பயந்து. கொலராடோவில் சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரைமணி பின்பு வரை வேட்டைக்கு அனுமதி. மான் வெளியே வருவதும் அந்த இரண்டு ஓரங்களிலும்தான். மங்கலான வெளிச்சம், குளிர்ந்த காற்று, 3,000 மீட்டர் உயரத்தில் தூசி இல்லாத வானம். அங்கே 10 மடங்கும் ட்ரைபாடில் வைத்த 15×56-உம் அழகாக வேலை செய்யும். விடியற்காலையில் ஸ்கோப்பை 40, 50 வரை ஏற்றினாலும் படம் நிற்கும்.

அதிலும் முதுகுப்பை வேட்டைக்காரர்கள் கிராம் கணக்குப் பார்ப்பவர்கள். 65 மி.மீ. ஸ்கோப் ஒன்றரைக் கிலோ அளவு வரும். 80, 85 மி.மீ. என்றால் இரண்டு கிலோவைத் தொடும். அதற்கு ஏற்ற ட்ரைபாட் இன்னும் ஒன்றரை. போகும்போது இதைச் சுமப்பது ஒரு பாடு என்றால், வேட்டை கிடைத்துவிட்டால் கறியையும் அதே முதுகில்தான் இறக்க வேண்டும். அதனால்தான் அவர்களில் பலர் 50 மி.மீ. சின்ன ஸ்கோப்புக்கு மாறிவிடுகிறார்கள். கோவா கம்பெனியின் 50 மி.மீ. ஸ்கோப் ஒன்று வெறும் 400 கிராம்தான். மச்சானிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், அவர் பையிலேயே அப்படி ஒன்று இருக்கக்கூடும்.

இன்னொன்றையும் அவர் காதில் போட்டு வையுங்கள். இங்கே 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை முடிந்துபோன கதை. கிண்டியில் வெளிமானையும் புள்ளிமானையும் காட்டக் கூட்டிப் போவீர்கள் அல்லவா, அங்கே கொம்பைக் கணக்குப் போட்டு உரக்கப் பேச வேண்டாம் என்று சொல்லுங்கள். பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

இப்போது எண்ணூர். முகத்துவாரத்துப் பக்கம் காலை ஒன்பதரை மணிக்கு நின்று, தண்ணீர் வற்றின சேற்றுத் திட்டைப் பாருங்கள். வெறும் கண்ணுக்கே தெரியும், திட்டின் விளிம்பு கொதிக்கிற கஞ்சி மாதிரி நெளியும். கானல்தான். தரை சூடாகி, அதை ஒட்டிய காற்று சூடாகி மேலே எழும்புகிறது, குளிர்ந்த காற்று கீழே இறங்குகிறது. அடர்த்தி மாறி மாறி வரும் அந்தக் காற்றுக்குள் ஒளி வளைந்து வளைந்து வருகிறது. பைனாகுலரால் அந்த நெளிவை நீக்க முடியாது, பெரிதாக்கத்தான் முடியும். 8 மடங்கில் ஒரு பச்சைக்கால் உள்ளான் பச்சைக்கால் உள்ளானாகத் தெரியும். அதையே 60 மடங்கில் பார்த்தால் தண்ணீரில் கரைத்த சாக்பீஸ் மாதிரி ஒரு வெள்ளைக் குழம்பு, அதன் கீழே ஆடும் இரண்டு குச்சி. இலட்ச ரூபாய் ஸ்வரோவ்ஸ்கி வைத்துப் பார்த்தாலும் அதே குழம்புதான், கொஞ்சம் பளிச்சென்ற குழம்பு. உப்பளப் பக்கமும் சாம்பல் கொட்டின வெளியிலும் இது இன்னும் மோசம். தண்ணீருக்கு மேலே பரவாயில்லை.

சாதாரணமாக நம் பக்கம் வெயில் ஏறிவிட்டால் 25, 30 மடங்குக்கு மேல் ஸ்கோப் பிரயோஜனப்படாது. நான் என்னுடைய ஸ்கோப்பை வருடத்தில் நாலைந்து காலைதான் 40-க்கு மேல் திருப்பியிருப்பேன். அதுவும் மார்கழி, தை மாதத்தில் ஏழு மணிக்கு முன்னால். இன்னொரு கணக்கும் இருக்கிறது. 65 மி.மீ. ஸ்கோப்பை 60-இல் வைத்தால் ஒளி வட்டம் 1 மி.மீ. சொச்சம்தான். படம் இருட்டும், கண்ணுக்குள் மிதக்கும் தூசி நூல் எல்லாம் குறுக்கே வரும். 20-இல் வைத்தால் 3.25 மி.மீ., கண்ணுக்குச் சுகம். ஆக, பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்த அந்த 60-க்கு நீங்கள் கொடுக்கும் பணம் கானலுக்குப் போகிறது.

10 மடங்கு ஏன் வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் கை. எட்டுக்கும் பத்துக்கும் நடுவே காகிதத்தில் இரண்டுதான் வித்தியாசம். ஆனால் மூன்று கிலோமீட்டர் நடந்துவிட்டு, கடல் காற்று முகத்தில் அடிக்க, மூச்சு வாங்கிக்கொண்டு பத்தைத் தூக்கிப் பாருங்கள். அடுத்தது பார்வையின் அகலம். நிக்கான் மோனார்க் எம்-7-ஐ எடுத்துக்கொண்டால், ஆயிரம் மீட்டர் தூரத்தில் 8×42 காட்டுவது 145 மீட்டர் அகலம், 10×42 காட்டுவது 121. அலைக்கு மேலே வெட்டி வெட்டிப் பறக்கும் ஆலாவைப் பிடிக்க அந்த 24 மீட்டர் தேவைப்படும். மலைச்சரிவில் மேயும் மான் அப்படித் தாவாது. மாடல் மாறினால் அகலமும் மாறும் என்பதால் எட்டு என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல் அந்த மீட்டர் கணக்கையும் பார்த்து வாங்குங்கள்.

உங்களுக்கு இதைவிட முக்கியம் கண்ணாடி. பைனாகுலர் விவரத்தில் ஐ ரிலீஃப் என்று ஒரு மி.மீ. கணக்கு இருக்கும். கண்ணைப் பின் லென்ஸிலிருந்து எவ்வளவு தூரம் வரை தள்ளி வைத்தால் முழு வட்டமும் தெரியும் என்பது அது. கண்ணாடி போட்டவருக்கு 16-க்குக் குறைந்தால் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல ஓரம் எல்லாம் கறுத்திருக்கும். கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டி உள்ளானைப் பார்க்கும் வேலையெல்லாம் ஒரு வாரத்தில் சலித்துவிடும். 17, 18 இருப்பதை வாங்கி, ரப்பர் கப்பை உள்ளே திருகிவிட்டுக் கண்ணாடியோடே பாருங்கள்.

வலது கண் பக்கம் ஒரு சின்ன வளையம் இருக்கும். பத்துப் பேரில் ஒன்பது பேர் அதைத் தொடுவதே இல்லை. அப்புறம் "தலை வலிக்கிறது, இந்தக் கம்பெனி சரியில்லை" என்பார்கள். விம்கோ நகர் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டே செய்யலாம். எதிரே தூரத்தில் ஒரு பெயர்ப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். வலது முன் லென்ஸைக் கையால் மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்கு எழுத்தைக் கூராக்குங்கள். பிறகு இடதை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது வளையத்தை மட்டும் திருப்பி வலது கண்ணுக்குக் கூராக்குங்கள். முடிந்தது. அந்த வளையம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது கொடுத்து வாங்கினால் அது நகர்ந்திருக்கும்.

மச்சான் வரும்வரை பொறுக்காமல் பாரிமுனைப் பக்கம் போய் ஒன்று வாங்கிவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, ரொம்ப வருடம் முன்னால். ஒரு கடையில் 30×60 என்று பொறித்த, உள்ளங்கையில் அடங்கும் ஒன்றை வாங்கினேன். முன் லென்ஸ் மாணிக்கம் மாதிரி சிவப்பாக ஜொலித்தது. அதில்தான் மயங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் உலகமே பச்சை பூசினமாதிரி இருந்தது. சிவப்பு ஒளியை எல்லாம் அந்தப் பூச்சு வெளியே திருப்பி அனுப்பினால் உள்ளே வருவது பச்சையும் நீலமும்தானே. பையனின் ஸ்கேலை வாங்கி முன் லென்ஸை அளந்தேன். 60 என்று எழுதின இடத்தில் 25 மி.மீ. இருந்தது. கையை நீட்டிப் பிடித்து வெள்ளைச் சுவரைக் காட்டி, பின் லென்ஸில் தெரிந்த ஒளிப் புள்ளியை அளந்தேன், மூன்றுக்குக் கொஞ்சம் மேல். 25-ஐ மூன்று சொச்சத்தால் வகுத்தால் எட்டு. முப்பது மடங்கு என்று வாங்கினது எட்டு மடங்கு. கடையில் போய்க் கேட்டதற்கு, "சார், எட்டுதான் சார் நல்லது" என்று எனக்கே பாடம் எடுத்தார்கள். ஒருவகையில் அவர்கள் சொன்னதும் உண்மைதான், என்ன செய்ய.

அதனால் எங்கே வாங்கினாலும் கடை வாசலில் நின்று செய்ய வேண்டிய சோதனை இது. பைனாகுலரை முகத்திலிருந்து கையெட்டும் தூரத்தில் பிடித்து வெளிச்சத்தைப் பார்த்து நிறுத்துங்கள். பின் லென்ஸில் தெரியும் ஒளி வட்டம் முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டு, சாம்பல் நிறத்தில் சதுரமாகத் தெரிந்தால் உள்ளே இருக்கும் பட்டகத்தில் சிக்கனம் செய்திருக்கிறார்கள். பாக்-4 என்ற கண்ணாடியில் செய்த பட்டகம் என்றால் வட்டம் முழுசாக வரும். அடுத்து, தூரத்தில் ஒரு விளக்குக் கம்பத்தைப் பாருங்கள். கண்ணை இறுக்காமல் பார்க்கும்போது கம்பம் இரண்டாகப் பிரிந்தால் இரண்டு குழாயும் ஒரே திசையில் இல்லை. அதைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் வேண்டாம். முன் லென்ஸில் ட்யூப்லைட்டின் பிரதிபலிப்பைப் பாருங்கள். மங்கலான பச்சை, ஊதா என்று தெரிந்தால் பூச்சு போட்டிருக்கிறார்கள். பளீரென்று வெள்ளையாகத் தெரிந்தால் அந்தப் பரப்பில் பூச்சே இல்லை. எல்லாக் கண்ணாடிப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு என்று விவரத்தில் எழுதியிருக்க வேண்டும். குழாய் நேராக இருக்கும் ரகத்தில் ஃபேஸ் கோட்டிங் (phase coating) என்பதும் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கூர்மை கொஞ்சம் குறையும். ஸூம் பைனாகுலர் என்று யாராவது காட்டினால் கும்பிடு போட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஈ.டி. கண்ணாடி வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வெளிச்சமான வானத்துக்கு எதிரே ஒரு செம்பருந்தைப் பார்க்கும்போது இறக்கை ஓரத்தில் ஊதாவும் பச்சையும் கசியும். அதைக் குறைப்பதுதான் ஈ.டி. எட்டு மடங்கில் அது இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குடி முழுகாது. ஸ்கோப்பில் 30-க்கு மேல் போகும்போது அது இல்லாமல் முடியாது.

விலை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் கணக்கை மட்டும் சொல்கிறேன். 40,000-இல் 25,000 வரை பைனாகுலருக்கு ஒதுக்குங்கள். நிக்கான் மோனார்க் எம்-5, வோர்டெக்ஸ் டைமண்ட்பேக் எச்.டி. இரண்டும் அந்த வட்டாரத்தில் பார்க்கத் தகுந்தவை. இரண்டும் 8×42-இல் 600 கிராம் சுற்று. கை இறுக்கமாக இருந்தால் நிக்கான் ப்ரோஸ்டாஃப் பி-3 போதும். அமெரிக்காவில் வாங்கினால் பழுது பார்க்கவும் அங்கேதான் அனுப்பவேண்டி வருமா என்று மச்சானை முதலிலேயே கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மோனார்க் எம்-7 எட்டுக்கு நீங்கள் ஆசைப்பட்டால் ட்ரைபாடுக்குப் பணம் மிஞ்சாது, நான் அதைச் செய்ய மாட்டேன்.

அந்த ட்ரைபாட் விஷயத்தில்தான் மச்சான் முழுக்க முழுக்கச் சரி. நம் பறவைக்காரர்கள் அவரிடமிருந்து கற்க வேண்டியதும் இதுதான். பைனாகுலரின் முன்பக்கம், இரண்டு குழாயும் சேரும் கீலின் நுனியில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திருகினால் உள்ளே மரை. அதில் ஒரு அடாப்டரை முறுக்கி ட்ரைபாடில் ஏற்றலாம். வாங்கும் மாடலில் அந்த மரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கையில் பிடித்த பத்தைவிட ட்ரைபாடில் வைத்த எட்டு அதிகம் காட்டும். முதல் தடவை பார்க்கும்போது நம்பவே மாட்டீர்கள்.

2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியது ஞாபகம் இருக்கும். அந்த வாரம் நான் கரையில் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். தூரத் திட்டில் கூழைக்கடாக் கூட்டம். கையில் பிடித்துப் பார்த்தபோது எல்லாம் வெள்ளையும் சாம்பலுமாக ஒன்றுபோல இருந்தன. ட்ரைபாடில் வைத்து ஐந்து நிமிடம் அசையாமல் பார்த்த பிறகுதான் ஒன்று மட்டும் மார்பில் ஒரே இடத்தை அலகால் கோதிக்கொண்டே இருந்தது தெரிந்தது. கோதும், தலையை உதறும், மறுபடி அதே இடம். அந்த இடம் தார் பூசினமாதிரி இருந்தது. அப்புறம் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தேன், அதற்கும் வயிற்றுப் பக்கம். எட்டு மடங்குதான்.

கனமான ட்ரைபாட் தேவையில்லை. ஒன்றேகால் கிலோ போதும், காற்றடித்தால் நடுவில் பையைத் தொங்கவிடுங்கள். காலை முழுக்க நீட்டாமல் உட்கார்ந்த உயரத்துக்கு வைத்தால் ஆட்டம் பாதியாகக் குறையும். மச்சான் ஆட்கள் உட்கார்ந்தே பார்ப்பதில் சோம்பேறித்தனம் ஒன்றும் இல்லை.

ஸ்கோப் இல்லாமல் தூரத்துப் பறவை எப்படி என்றால், துறைமுகத்துக்காரனாக எனக்குத் தெரிந்த வழி தண்ணீர். நம் பக்கம் கடலின் ஏற்ற இறக்கம் பெரிய நாளில் ஒரு மீட்டர் அளவுதான், ஆனால் கழிமுகத்துச் சேற்றுக்கு அதுவே அதிகம். வற்றின நேரத்தில் உள்ளான் கூட்டம் திட்டின் அந்தக் கோடியில் மேயும், நீங்கள் இந்தக் கோடியில் ஸ்கோப்புக்கு ஏங்குவீர்கள். தண்ணீர் ஏற ஏற திட்டு சுருங்கி, அதுகளே கரையை நோக்கி வரும். ஏற்றம் தொடங்கிய முதல் ஒன்றிரண்டு மணி நேரம் காலை எட்டு மணிக்கு முன்பாக விழுகிற நாளாகப் பார்த்துப் போய், அசையாமல் உட்காருங்கள். கொசு உள்ளான் உங்கள் செருப்பு வரை வரும். துறைமுக ஏற்ற இறக்க அட்டவணை போனிலேயே கிடைக்கிறது. முகத்துவாரக்குப்பத்தில் வலை காய வைக்கும் பெரியவரைக் கேட்டால் அட்டவணையே வேண்டாம். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள்.

பழவேற்காடு வேறு கதை. அங்கே பூநாரைகள் நடு ஏரியில் ஒரு ரோஜாக் கோடாக நிற்கும். பெரிய பூநாரையா சின்னதா என்று பார்க்க அலகைப் பார்க்க வேண்டும். பெரியதற்கு இளஞ்சிவப்பு அலகு, நுனி மட்டும் கறுப்பு. சின்னதற்கு அலகு முழுக்கக் கருஞ்சிவப்பு. இரண்டும் கலந்து நிற்கும் கூட்டத்தில் எண்ணுவதற்கு ஸ்கோப் தேவைதான், மறுக்கவில்லை. அந்தத் தேவை ஒரு பருவம் முழுக்க உங்களை உறுத்தினால் அடுத்த வருடம் வாங்குங்கள். அப்போது 60 அல்லது 65 மி.மீ., 15-இலிருந்து 45 வரை போகும் பின் லென்ஸ், ஈ.டி. கண்ணாடி, வளைந்த கழுத்து. நேர்க் கழுத்து ஸ்கோப் வேட்டைக்காரருக்குப் பிடிக்கும், கண்ட இடத்தைச் சட்டென்று குறிவைக்கலாம், பையிலும் நீளவாக்கில் நுழையும். வளைந்த கழுத்தில் ட்ரைபாடைத் தாழ்த்தி வைக்கலாம். உங்களைவிடக் குள்ளமான வாண்டுகள் ஓடிவந்து "அண்ணா, காட்டுண்ணா" என்றால் காலை இறக்காமல் காட்டலாம். பழவேற்காட்டில் ஸ்கோப்பை நிறுத்திய பத்தாவது நிமிடம் வாண்டுகள் வரிசையில் நிற்கும்.

பராமரிப்பில் வடசென்னைக்கென்று ஒரு பாடம் இருக்கிறது. லென்ஸின் மேல் படியும் தூசி சாதாரணத் தூசி இல்லை. அனல்மின் நிலையச் சாம்பல் என்பது கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிக் குண்டுகள், மணலின் ஜாதி. வேட்டி நுனியால் ஒரு துடை துடைத்தால் பூச்சின் மேல் உப்புத்தாள் போட்டதற்குச் சமம். முதலில் ப்ளோயரால் ஊதுங்கள், அப்புறம் மெல்லிய பிரஷ், கடைசியில்தான் துணி. வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். வீட்டுக்கு வந்ததும் வெளி உடம்பை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் உப்பு போகும். உள்ளே நைட்ரஜன் நிரப்பி அடைத்த நீர்புகா ரகமாகப் பார்த்து வாங்கினால் மழைக்காலத்தில் உள்ளே ஆவி படியாது. அப்படி வாங்கினாலும் தோல் உறையில் போட்டு பீரோவில் வைத்து மறக்காதீர்கள். நம் ஈரக் காற்றுக்கு லென்ஸில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை கிளம்பிவிடும். இறுக மூடும் எவர்சில்வர் சம்படம், அதற்குள் நீல சிலிக்கா ஜெல். அது நிறம் மாறினால் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்துத் திரும்பப் போடுங்கள், சமையலுக்கு எடுக்காத வாணலியாக இருக்கட்டும். அரிசியில் புதைத்து வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அரிசித் தவிடு வளையத்துக்குள் புகுந்து மணல் மாதிரி கடகடக்கும்.

இன்னொன்று. காட்டுப்பள்ளி, அத்திப்பட்டுப் பக்கமெல்லாம் துறைமுகமும் மின் நிலையமும். ட்ரைபாடும் லென்ஸுமாக நிற்பவனைப் பார்த்தால் காவலுக்கு இருப்பவர் கேட்கத்தான் செய்வார், அது அவர் வேலை. பொதுச் சாலையிலேயே நில்லுங்கள், லென்ஸைச் சுற்றுச்சுவர்ப் பக்கம் திருப்பாதீர்கள், அடையாள அட்டை பையில் இருக்கட்டும். கேட்டால் அவரையே குனிந்து ஒரு கூழைக்கடாவைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு முறை எனக்கு இது நடந்திருக்கிறது. இரண்டாவது முறை வந்தவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

மச்சான் டிசம்பரில் வந்ததும் ஒரு ஞாயிறு அவரையும் அழைத்துக்கொண்டு எண்ணூர் ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள். அவருடைய 10×42 ஒரு கையில், உங்கள் 8×42 ஒரு கையில். என் ஸ்கோப்பையும் கொண்டு வருகிறேன். ஏழு மணிக்கு ஒரு தடவை 45 வரை ஏற்றிக் காட்டுகிறேன், ஒன்பதரைக்கு அதே திட்டை அதே மடங்கில் மறுபடி காட்டுகிறேன். அதற்கு அப்புறம் ஸ்கோப் வாங்குவதா வேண்டாமா என்று நீங்களும் அவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.